அறுப்பின் பண்டிகை

சென்ற செப்டம்பரில் எங்கள் சபையில் பன்னிரண்டு மரக்கன்றுகள் நட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அப்போஸ்தலர் பெயரை அட்டையில் எழுதிக் கட்டினார்கள். யூதாஸ் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் முன்வராததால் அட்டையைக் கிழித்துவிட்டு மத்தியாஸ் என்று எழுதினார்கள். ஐயர் ஜெபித்தார். பாடகர் குழு பாடியது. ட்ரோன் ஒன்று பரிசுத்த ஆவியைப்போல மேலே நின்று படம் பிடித்தது. ஒரே மாதத்தில் தோமா பட்டுப்போனார். தண்ணீர் வரும் என்று நம்பவில்லை போலிருக்கிறது. யாக்கோபு இருவரையும் ஒரே ஆடு ஒரே மத்தியானத்தில் முடித்தது. இன்றைக்கு உயிரோடு இருப்பவர் பேதுரு மட்டும்தான். சாப்பிட்டுக் கை கழுவுகிற குழாயடியில் நின்ற அதிர்ஷ்டம் அவருக்கு. அந்தக் குழாய்க்கு நான் பிலாத்து குழாய் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எந்தச் சபை என்று கேட்காதீர்கள். சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன் மணவூர். இறங்கி ஏதாவது ஒரு திசையில் நடந்தால் எங்காவது ஒரு சிலுவை கண்ணில் படும். அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் சபை என்றே படிக்கலாம், பொருத்தம் கெடாது.

மரம் நட்டது எங்கள் சொந்த யோசனை இல்லை. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை உலகமெங்கும் திருச்சபைகள் ‘படைப்பின் காலம்’ அனுசரிக்கின்றன. 1989-இல் கிழக்கத்திய மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். 2015-இல் போப் பிரான்சிஸும் சேர்ந்துகொண்டார். அதே ஆண்டு அவர் எழுதிய ‘லவுதாத்தோ சி’ என்ற சுற்றுமடலின் சாரம் ஒன்றுதான்: பூமி அழுவதும் ஏழை அழுவதும் ஒரே அழுகை, ஒன்றைக் கேட்டு மற்றதற்குக் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. எங்கள் ஐயர் அன்றைக்குப் பிரசங்கத்தில் இதைச் சொன்னார். பூமி அழுவது வரைக்கும் சொன்னார். அதற்குள் பன்னிரண்டரை ஆகிவிட்டது, பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். ஏழை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டார். அடுத்த வாரம் கன்வென்ஷன்.

பிரியாணிக்கு முன்னால் பெண்கள் ஐக்கியத்தின் நாடகம் ஒன்று இருந்தது. தலைப்பு ‘உயிரைக் காப்போம்’. கருவில் இருக்கிற குழந்தை தாயிடம் பேசுகிறது, என்னைக் கொல்லாதே அம்மா என்று. மைக் நன்றாக இருந்ததால் கருவில் இருந்த குழந்தையின் குரல் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. மைக் செட் கொடுத்தவர் எங்கள் சபையின் தூண்களில் ஒருவர். செங்கல் சூளை வைத்திருக்கிறார். சூளை, சபையிலிருந்து நடக்கிற தூரம். அங்கே ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைகள் முப்பது நாற்பது இருக்கும். அவற்றுக்கு மைக் கிடையாது. பிறந்த பிறகு பேசுவது நாடக விதிகளுக்குப் புறம்பானது.

சூளைக்காரரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தசமபாகம் தவறியதில்லை. கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குப் புடவை கொடுக்கிறார். ஜெபத்தில் கண்ணீர் விடுகிறார். அந்தக் கண்ணீர் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். மண் பிசையத் தண்ணீர் வேண்டும், அது எங்கிருந்து வந்தால் என்ன? சபைக்கு அவர் செய்திருக்கிற மகா தர்மம் புதிய சமூகக் கூடம். கல் முழுக்க அவருடையது, ஒரு லோடுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அறுத்தவர்களுக்கும் கொடுக்கவில்லை என்பதால் கணக்கு நேராகிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செங்கல்லைச் ‘செய்வது’ என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. கல் அறுப்பது என்போம். பிசைந்த மண்ணை அச்சில் அறைந்து, மேலே வழித்து, தரையில் கவிழ்க்க வேண்டும். குந்தி உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கல்லாகப் பின்னுக்கு நகர வேண்டும். வெயில் ஏறினால் மண் இறுகிவிடும் என்பதால் நடுச்சாமம் தாண்டியதுமே வேலை ஆரம்பம். சேவல் கூவுவதற்குள் பாதி வரிசை ஆகியிருக்கும். புருஷன் அறுப்பான், பெண்டாட்டி மண் உருட்டித் தருவாள். கல் பாதி காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும், அது பிள்ளைகளின் வேலை. ஏன் பிள்ளைகள் என்றால் அவர்கள் கனம் குறைவு, ஈரக் கல்லின்மேல் கால் பட்டாலும் உடையாது. இதைக் கண்டுபிடித்தவனுக்குத் தனியாக ஒரு நரகம் கட்டலாம். அதற்கும் கல் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. பேச்சு மட்டும்தான். ஆள் வந்து இறங்கும்போதே கணக்கில் கடன் நிற்கும். வருகிறவர்களில் எங்கள் மாவட்டத்து இருளர் உண்டு, ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்து ஜனங்களும் உண்டு. அந்த ஊர்களில் நுவாகாய் என்று ஒரு பண்டிகை. புது நெல் வந்ததும் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவது, நம்முடைய பொங்கல் மாதிரி. பண்டிகை வருகிற நேரத்தில் வீட்டில் காசு இருக்காது என்பது தரகருக்குத் தெரியும். அவர் முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பார். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு ரயிலில் ஏற்றுவார். அங்கே ஒரு அறுப்பின் பண்டிகையில் வாங்கின கடனை இங்கே கல் அறுத்து அடைக்கிறார்கள். அந்தக் கல்லில் கட்டுகிற கூடத்தில்தான் எங்கள் சபை இனி தன் அறுப்பின் பண்டிகையைக் கொண்டாடப் போகிறது. தமிழுக்கு இப்படி ஒரே வார்த்தையில் இரண்டு பேரையும் கட்டிப்போடுகிற சாமர்த்தியம் உண்டு.

இதற்குப் பெயர் கொத்தடிமை முறை. 1976-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதை ஒழித்துவிட்டது. ஒழித்துவிட்டதால் இது இருக்க முடியாது. இருக்க முடியாததை 2011-இல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றில் கண்டெடுத்தார்கள், 500 பேருக்கும் மேல். 2015-இல் இன்னொரு தடவை, 300 பேருக்கும் மேல். 2011-இல் அதிகாரிகளோடு சேர்ந்து அந்த மக்களை வெளியே கொண்டுவந்தது ‘இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன்’, அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ அமைப்பு. அட்லாண்டிக் சமுத்திரத்தையும் தாண்டி அந்த அமைப்பின் காதுக்கு எட்டிய அழுகை, பக்கத்துத் தெருவில் முழு இரவு ஜெபம் நடத்திய சபைகளின் காதுக்கு எட்டவில்லை. ஸ்பீக்கரின் வாய் எங்கள் பக்கமே திரும்பியிருந்ததால் இருக்கலாம்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ஒரு மனிதனைக் கொத்தடிமையாக வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். இந்தத் தொகையை மனதில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கிறது.

மனிதன் கதை இது. மண்ணின் கதை வேறு என்று நினைத்தால் எங்கள் ஐயரைப்போலப் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். கல்லுக்கு மண் வேண்டும். ஏரியில் சவுடு எடுக்க அனுமதி என்று தாளில் இருக்கும். சவுடு மூன்றடி, அதற்குக் கீழே மணல். லாரி சவுடு என்று உள்ளே போகும், மணலாக வெளியே வரும். கானா ஊர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசம் ஆனதற்கு அடுத்தபடியான அற்புதம் இதுதான், ராத்திரிதோறும் நடக்கிறது. கொசஸ்தலை ஆற்றையும் விடவில்லை. அந்த ஆறுதான் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, 1944-இலிருந்து சென்னை குடிக்கிற தண்ணீர். பூண்டியைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. இந்தக் கோடியில் அதன் வயிற்றைத் தோண்டுகிறோம், அந்தக் கோடியில் அனல் மின் நிலையச் சாம்பலை வாயில் கொட்டுகிறோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. அது காய்வதற்குள் டிசம்பர் 26 நடுராத்திரி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சுத்திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நட்சத்திர விளக்குகள் வாசலில் எரிந்துகொண்டிருந்திருக்கும். ஏரோதுக்குப் பயந்து குழந்தையோடு ராத்திரியில் ஓடிய குடும்பத்தின் கதையை நாமெல்லாரும் முந்தின நாள்தான் கேட்டு முடித்திருந்தோம்.

சூளை எரியவும் விறகு வேண்டும். மரம் வெட்டவும் முன்பணம் வாங்கின இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. மரத்தை வெட்டுகிறவன் அடிமை, மண்ணை வெட்டுகிறவன் அடிமை, நாங்கள் மட்டும் சர்வ சுதந்திரமாய்ப் பன்னிரண்டு கன்று நட்டோம்.

செங்கல் என்றதும் வேதத்தில் எனக்கு நினைவுக்கு வருகிற இடங்கள் இரண்டு. ஒன்று பாபேல் கோபுரம், பேர் வாங்க வேண்டும் என்று கட்டியது. இன்னொன்று எகிப்து. இஸ்ரவேலர் அங்கே செய்த வேலை என்ன என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள், கல் அறுத்தார்கள் என்று சொல்லும். பார்வோன் வைக்கோலை நிறுத்தினான், கல் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதே என்றான். கர்த்தர் இறங்கி வந்தது ஒரு சூளைத் தொழிலாளர் பிரச்சினைக்காக. பத்து வாதைகளும் செங்கடலும் பத்துக் கட்டளைகளும் அதற்குப் பின்னால் வந்தவை. இதை நான் சபைச் செயலாளரிடம் சொன்னேன். ரிட்டயரானவர், நல்ல மனிதர். காப்பி கொடுத்தார்.

“தம்பி, நீ சொல்றது பழைய ஏற்பாடு” என்றார்.

“ஆமாண்ணே.”

“பார்வோன் அட்வான்ஸ் கொடுத்தானா?”

“இல்லைண்ணே.”

“இவரு கொடுத்திருக்காரு. இன்னா பேசறே நீ?”

இதற்கு எந்த வேதசாஸ்திரக் கல்லூரியிலும் பதில் கிடையாது.

ஸ்டேன் சுவாமி பாதிரியாரை எடுத்தேன். திருச்சிப் பக்கத்துக்காரர், இயேசு சபைத் துறவி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் காட்டையும் நிலத்தையும் அவர்களையும் ஒன்றாகவே பார்த்தவர். 2020 அக்டோபரில் கைது செய்தார்கள். நடுக்குவாத நோயாளி, தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே 84 வயதில் செத்தார். படைப்பின் காலத்தில் ஒரு நாள் அவருக்காக ஜெபிக்கலாமே என்றேன். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அவரு கத்தோலிக்கரு தம்பி, நாம சி.எஸ்.ஐ.” என்றார். கன்றுக்குக் கட்டின பன்னிரண்டு பேரில் சி.எஸ்.ஐ. யார் யார் என்று கேட்க நினைத்தேன். காப்பி குடித்த நன்றி, கேட்கவில்லை.

சரி, நம்ம மிஷன் ஆளையே எடுப்போம் என்று வில்லியம் கௌடியை எடுத்தேன். வெஸ்லியன் மிஷன்காரர். இதே திருவள்ளூர், ஈக்காடு பக்கம் சேரிகளில் நடந்தவர். அவரும் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் கண்டது ஒன்றுதான்: நிலத்தை உழுகிறவனுக்குக் குடிசை போட்ட மண்கூடச் சொந்தமில்லை, கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைக்கிறான். இவனுக்கு முதலில் வேண்டியது மண். எழுதினார்கள், அரசை நச்சரித்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் ஒரு அறிக்கை கொடுத்தார். 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மட்டும் கொடுக்கிற நிலம். பத்து ஆண்டுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அவர்களுக்குள்தான். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். மண்ணும் மனித மானமும் ஒரே விஷயம் என்பதை நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே, ட்ரோன் இல்லாமல், எங்கள் ஜில்லாவில் சில பாதிரிகள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நிலமெல்லாம் எங்கே என்று தேடப் போகாதீர்கள். தேடியவர்கள் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள், அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கலெக்டரிடம் நியாயம் கேட்கப் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ், ஒருவர் ஏழுமலை. ஒரு பெயர் பைபிளிலிருந்து வந்தது, ஒரு பெயர் திருப்பதியிலிருந்து வந்தது. குண்டுக்கு இரண்டு மொழியும் தெரிந்திருந்தது. எங்கள் சபைக் காலண்டரில் அக்டோபர் 10-ஆம் தேதிக்கு நேராக ஒன்றும் இல்லை. அக்டோபர் 4 வரைதான் படைப்பின் காலம், ஆறு நாள் தள்ளிப் போய்விட்டது.

இந்த இடத்தில் சில பேர் முகம் மலர்வது எனக்குத் தெரிகிறது. பார்த்தீர்களா, பாதிரிகளின் யோக்கியதையை அவர்கள் ஆளே சொல்கிறான் என்று வெட்டி ஒட்டிப் போடுவதற்கு விரல் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் வாசலில் அணு உலைக்கு எதிராக உட்கார்ந்த மீனவர்கள்மேல் தேசத்துரோக வழக்குப் போட்டபோது கைதட்டியவர்கள் நீங்கள்தான். ஏழைக்கும் கடலுக்கும் சேர்த்து அழுகிற கிறிஸ்தவனைக் கண்டால் உங்களுக்கு அந்நியக் கைக்கூலி. சூளை வைத்துக்கொண்டு தசமபாகம் கொடுக்கிற கிறிஸ்தவனோடு உங்களுக்குக் கூட்டு வியாபாரமே உண்டு. திருத்தணி மலை ஏறுகிற 365 படியையும் எண்ணுகிறவர்களின் வீட்டுச் சுவரும் இதே கல்தான், அச்சில் முதலாளியின் இனிஷியல்கூட ஒன்றுதான்.

ஜனவரி கடைசியில் சமூகக் கூடத்துக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். மேலாக இருந்த ஒரு கல்லில் ஏதோ பள்ளம் தெரிந்தது. எடுத்துத் தூசியை ஊதினேன். ஐந்து விரல். கால் விரல். கட்டைவிரல் ஒரு பட்டாணி அளவு, மற்ற நாலும் அதைவிடச் சின்னதாகச் சாய்வாக. குதிகால் பதியவில்லை. ஓடுகிறபோதோ, தூக்கக் கலக்கத்தில் தடுமாறியபோதோ முன்பாதம் மட்டும் ஈர மண்ணில் அழுந்தியிருக்கிறது. அதன்மேலேயே சூளை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். சிவந்து, கெட்டியாக, இனி ஐந்நூறு வருஷத்துக்கு அழியாது. நான்கு வயது இருக்கலாம். கர்த்தர் மண்ணைப் பிசைந்து மனிதனை உண்டாக்கினார் என்று படித்திருக்கிறேன். மனிதனைப் பிசைந்து மண்ணை உண்டாக்குவதை அன்றைக்குத்தான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

கல்லை வீட்டுக்கு எடுத்து வந்தேன். திருட்டுதான்.

பிப்ரவரி முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பீடத்தின் இரு பக்கமும் கரும்பு, வாழைத்தார், நெல் மூட்டை. ஆராதனை முடிந்ததும் வெளிப் பந்தலில் ஏலம். அவரவர் கொண்டுவந்த முதற்பலனை மேசையில் வைப்பார்கள், எலுமிச்சம்பழம் ஐந்நூறு போகும், பூசணிக்காய் ஆயிரத்தைத் தாண்டும், கர்த்தருக்கு என்பதால் யாரும் விலை பார்ப்பதில்லை. முதலில் ஒரு நாட்டுச் சேவல் போனது. கடும் போட்டி. பிறகு தேங்காய், பரங்கி, ஒரு தட்டு அதிரசம். என் முறை வந்ததும் பையிலிருந்து கல்லை எடுத்து மேசையில் வைத்தேன், விரல் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி.

“இன்னாது இது?” என்றார் ஏலம் விடுகிறவர்.

“முதற்பலன்” என்றேன்.

“யாருதுபா?”

“அதுதான் தெரியலை. ஆரம்ப விலை 2,000. சட்டம் வைத்த விலை.”

பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் பேதுரு கன்றைப் பார்த்தார். பெண்கள் ஐக்கியத்து அம்மா ஒருவர் எழுந்து வந்து கல்லைக் கிட்டத்தில் பார்த்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நாடகத்தில் தாயாக நடித்தவர். சூளைக்காரர் முன்வரிசையில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். செயலாளர், “சீக்கிரம் முடிப்பா, சாப்பாடு ஆறுது” என்றார்.

ஏலம் விடுகிறவர் பழக்கதோஷத்தில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ரெண்டாயிரம், ஒரு தரம். யாரும் கை தூக்கவில்லை. ரெண்டாயிரம், ரெண்டு தரம். குழாயடியில் யாரோ கை கழுவுகிற சத்தம். ரெண்டாயிரம், மூணு தரம்.

மூன்றாம் தரம் முடிந்ததும் என்னை அறியாமல் மேசைக்குக் கீழே பார்த்தேன். கூடையில் அந்தச் சேவல், கால் கட்டிக் கிடந்தது. கூவவில்லை. அதை முதல் ஏலத்திலேயே சூளைக்காரர் 3,200 ரூபாய்க்கு எடுத்திருந்தார்.